ஆளில்லாக் கடற்கரை யாருடையது?



கண்டியிலிருந்து கிழக்குக் கடற்கரைக்கு வானில் சுற்றுலா செல்வது இப்போது வழமையாகிவிட்டது. நாமும் கடந்த விடுமுறையில் தெல்தெனியப் பகுதிக் குடும்பங்கள் சிலவற்றுடன் புறப்பட்டோம். பதினெட்டு வளைவுகளில் இறங்கி, மகியங்கனை, அம்பாறை, பொத்துவில் ஊடாகப் பாணமைக்குப் போனோம். கதிர்காமப் பாதயாத்திரிகர் உகந்தைக்கு முன் இளைப்பாறும் ஊர் அது.

கடற்கரையோரம் வானை நிறுத்திச் சோற்றுப் பார்சல்களைப் பிரித்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் மணல். ஆள் நடமாட்டமே இல்லை. இளைஞர்கள் அந்த அழகில் மயங்கி நின்றார்கள். வயதான தாயொருவர் மட்டும் கேட்டார்: "சுவாமி, இவ்வளவு நல்ல இடத்தில ஏன் ஒருத்தரும் இல்ல?"

அவருக்கு அப்படிக் கேட்கத் தெரியும். விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய தெல்தெனியவில் வாழ்ந்தவர் அவர். 1985இல் திறக்கப்பட்ட அந்த அணையின் நீர்ப்பரப்பை இன்று பலரும் ரசித்துப் படம் பிடிக்கின்றனர். கடும் வரட்சியில் நீர் வற்றும்போதே பழைய நகரின் இடிபாடுகள் தலைகாட்டுகின்றன.

பாணமைக்கும் ஒரு கதை உண்டு. ராகம்வெல, சாஸ்திரவெல உள்ளிட்ட ஐந்து கிராமங்களில் சுமார் 350 குடும்பங்கள் சேனைப் பயிரும் மீன்பிடியுமாக வாழ்ந்தன. யுத்தம் முடிந்த மறு வருடம், 2010 ஜூலையில், முகமூடி அணிந்த ஆயுததாரிகள் இரவில் புகுந்து மக்களைத் தாக்கிக் குடிசைகளுக்குத் தீ வைத்தனர். பின்னர் அக்காணிகளில் படை முகாம்கள் அமைந்தன. கடற்படையின் உல்லாச விடுதியும் எழுந்தது.

சுற்றுலா வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதனால் படகோட்டிக்கும் சாப்பாட்டுக் கடைக்காரருக்கும் பிழைப்பு கிடைக்கிறது. அபிவிருத்திக்குக் காணி தேவைப்படுவதும் உண்மையே. ஆனால் அங்கு வாழ்பவரைக் கேட்காமல், மாற்றுக் காணியும் நட்டஈடும் முன்கூட்டியே கொடுக்காமல் எடுப்பது அபிவிருத்தி ஆகாது, அது பறிப்பு. அழகான இடம் என்பதே ஏழை விவசாயி வெளியேறக் காரணமாகிவிடக் கூடாது.

பாணமை மக்கள் அழுதுகொண்டு சும்மா இருக்கவில்லை. ஒன்றுகூடினார்கள், முறைப்பாடு செய்தார்கள், நீதிமன்றப் படி ஏறினார்கள். 2015 பெப்ரவரியில் 365 ஏக்கரில் 340 ஏக்கரை விடுவிக்க அமைச்சரவை தீர்மானித்தது. தீர்மானம் காகிதத்திலேயே கிடந்தது. ஆகவே 2016 மார்ச்சில் மக்கள் தாமாகவே ராகம்வெலவுக்குள் நுழைந்து குடிசை போட்டார்கள்.

காணி இழந்த நம் குடும்பங்களுக்கு இதில் பாடம் உண்டு. காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய வாக்காளர் இடாப்புப் பிரதி, வரி கட்டிய துண்டு ஆகிய எதையும் எறிந்துவிடாதீர்கள். ஊரில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அலுவலகத்துக்குத் தனியே போகாமல் சங்கமாகப் போங்கள்.

திரும்பும் வழியில் அந்தத் தாய் தமது பழைய வீடும் வயலும் இருந்த இடத்தை இளைஞர்களுக்கு விவரித்துக்கொண்டே வந்தார். வானில் பாட்டு நின்றிருந்தது. அடுத்த முறை ஆளில்லாத அழகிய இடமொன்றில் இறங்கும்போது, நாமும் முதலில் அவர் கேட்ட கேள்வியைக் கேட்போம்.