குமிழைத் திருகும் முன்

குறி தப்பியதும் பலரின் கை ஸ்கோப்பின் குமிழுக்குத்தான் போகிறது. பயிற்சியாளனாக நான் அதை அனுமதிப்பதில்லை. கால் எம்.ஓ.ஏ. (கோண நிமிட) ஸ்கோப்பில் குமிழின் ஒரு கிளிக், குண்டு படும் இடத்தை 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர்தான் நகர்த்தும். குண்டுகள் கையகலத்துக்குச் சிதறினால் எத்தனை கிளிக் திருப்பியும் பயனில்லை.

சிதறினால், முதலில் ஸ்கோப்பின் பிடிவளையத்தை ஒட்டி அதன் குழாயைப் பாருங்கள். அங்கே பளபளப்பாக மெல்லிய கீறல் தெரிந்தால் ஸ்கோப் நழுவியிருக்கிறது. ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் இது சகஜம். அதன் உதைப்பு முன்னும் பின்னுமாக இரு பக்கமும் அடிக்கும். ஸ்கோப் நழுவாமல் இருக்கவென்றே தடுப்பு ஊசி உள்ள மவுண்ட் கிடைக்கிறது. மவுண்டின் திருகுகளைக் கைப்பலத்தில் முறுக்கினால் குழாயே நசுங்கக்கூடும்.

தயாரிப்பாளர் சொன்ன அளவில் முறுக்க டார்க் ஸ்க்ரூடிரைவர் ஒன்றை ஒவ்வொரு துப்பாக்கி கிளப்பும் வாங்கி வைத்தே ஆகவேண்டும். புதிய ஸ்கோப்புக்குச் செலவழிக்கச் சொல்லும் முன் இதைச் செய்யுங்கள்.