மனசாட்சியை எங்களிடம் மட்டும் கேட்பவர்களுக்கு

தேர்தல் வந்துவிட்டால் போதும், மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்ற உபதேசம் சேரிக்குள் வந்துவிடுகிறது. முடிவு வந்ததும், "போயும் போயும் அவனுக்கா ஓட்டுப் போட்டீர்கள்?" என்ற கேள்வியும் வருகிறது. கேட்பவர்களுக்குச் சிலவற்றை நினைவூட்டுகிறோம்.

1968 கீழ்வெண்மணி: 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபோது ஆட்சியில் இருந்தது திமுக. 1995 கொடியன்குளம்: காவல்துறை ஊருக்குள் புகுந்து வீடுகளைச் சூறையாடியபோது அதிமுக. 1999 தாமிரபரணி: ஊர்வலம் போன 17 பேர் பிணமானபோது திமுக. 2011 பரமக்குடி துப்பாக்கிச்சூட்டின்போது அதிமுக. 2022இல் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டபோது மறுபடியும் திமுக. மேலவளவு முருகேசன் படுகொலையில் ஆயுள் தண்டனை பெற்றவர்களை முன்கூட்டியே விடுதலை செய்வதில் மட்டும் இரண்டு ஆட்சிகளுக்கும் வேறுபாடே இருக்கவில்லை.

இரண்டும் வேண்டாம் என்றால், அடுத்து நிற்பது உனாவும் ஹத்ராசும் நடந்த மாநிலங்களை ஆண்ட பாஜக. நோட்டாவை அழுத்தலாம். அது எத்தனை ஓட்டு வாங்கினாலும் அடுத்த இடத்தில் இருப்பவர் சட்டமன்றம் போய்விடுவார்.

ஆக, நாங்கள் போடும் ஒவ்வொரு ஓட்டிலும் சமரசம் இருக்கிறது. அது எங்கள் குணக்கேடு அல்ல, தேர்தல் முறையிலேயே இருக்கிறது. 1932இல் அண்ணல் அம்பேத்கர் வாதாடிப் பெற்ற இரட்டை வாக்குரிமை, காந்தியின் உண்ணாவிரதத்தால் பூனா ஒப்பந்தத்தில் பறிபோனது. தனித்தொகுதி மிஞ்சியது. அங்கே நிற்பவர் தலித். அவர் ஜெயிப்பதா தோற்பதா என்பதைப் பெரும்பாலும் ஊர்த்தெரு ஓட்டுதான் தீர்மானிக்கிறது. பிறகு அவர் எங்களுக்காக எப்படி வாய் திறப்பார்?

நம் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குறைந்த கேட்டுக்கு ஓட்டுப் போடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சமரசம் வாக்குச்சாவடியோடு முடிந்துவிட வேண்டும். நாம் போட்ட ஓட்டு யாருக்கும் பாவமன்னிப்புச் சீட்டு அல்ல. "நம்ம ஆட்சி, இப்போது பேசினால் எதிரிக்குச் சாதகம்" என்று ஒரு வன்கொடுமைக்கு வாய்மூடி நின்றால், அன்றைக்குத்தான் மனசாட்சி விலைபோகிறது. ஓட்டுப் போட்ட கட்சியின் அலுவலக வாசலில்தான் முதல் ஆர்ப்பாட்டம் நடக்க வேண்டும். அவர்களிடம் கேட்கத்தானே நமக்கு உரிமை அதிகம்?

இனி, எங்களுக்கு உபதேசிக்கிற சாதி இந்துப் பெருமக்களுக்கு. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் 188 பொதுத்தொகுதிகள். பொது என்றால் எல்லோருக்கும் பொது. அவற்றில் எத்தனையில் உங்கள் கட்சி ஒரு தலித்தை நிறுத்தியது? ஏன் நிறுத்தவில்லை என்று ஒருநாளாவது கேட்டீர்களா? நிறுத்தியிருந்தால், உங்கள் விரல் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்குமா?

முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். எங்கள் மனசாட்சியைப் பற்றி அப்புறம் பேசலாம்.