குழூஉக்குறியும் குற்றப்பத்திரிகையும்

களக்காட்டில் பள்ளி மாணவராக நன்னூல் படித்தபோது, குழூஉக்குறிக்கு மூன்று எடுத்துக்காட்டுகளை மனப்பாடம் செய்தோம். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர். யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பர். வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பர். இரண்டு மதிப்பெண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது. பொன்னுக்குப் பொன் என்றே பெயர் இருக்கும்போது பொற்கொல்லருக்கு இன்னொரு சொல் எதற்கு என்று ஆசிரியரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

விடை பட்டறையிலேயே இருக்கிறது. பொன்னுக்கு உரியவர் எதிரில் அமர்ந்திருக்கிறார். மாற்றுக் குறைவு என்பதை உடன் வேலை செய்பவருக்கு உணர்த்த வேண்டும். வந்தவர் முகம் கோணவும் கூடாது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதும் இதே தேவையால்தான். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரிந்துவிட்டால் பேரம் கெட்டுவிடும். மூன்றாமவர் அறியாமல் இருவர் பேச வேண்டிய இடத்தில் குழூஉக்குறி பிறக்கிறது. சொல்விளம்பி என்ற சொல்லிலோ மறைப்போடு குறும்பும் சேர்ந்திருக்கிறது. கள் உள்ளே போனால் சொல் வெளியே வரும் என்று கண்டு பெயர் வைத்த வேடர் நல்ல ரசிகராக இருந்திருக்க வேண்டும்.

பவணந்தியார் இந்தப் பேச்சை இடக்கரடக்கல், மங்கலம் ஆகிய இரண்டோடும் சேர்த்துத் தகுதி வழக்கில் வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். இடமறிந்து பேசும் பேச்சு என்பதே அவர் கொண்ட பொருள். அதில் அவர் குற்றம் எதையும் காணவில்லை.

குற்றம் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. தக்கர்கள் என்று பிடிக்கப்பட்டவர்களின் பேச்சைத் தொகுத்து ஸ்லீமன் 1836இல் கல்கத்தாவில் ‘ராமசியானா’ என்ற நூலை வெளியிட்டார். சென்னை மாகாணத்தில் போலீஸ் அதிகாரி முல்லாலி 1892இல் ‘குற்ற வகுப்பினர்’ பற்றிய குறிப்புகளை நூலாக்கினார். ஒரு கூட்டத்தாரின் பேச்சு அவர்களைப் பிடிப்பதற்கான அடையாளமாயிற்று. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவானது. குறவர், கள்ளர், நெல்லைச் சீமையின் மறவர் எனப் பல சமூகத்தவர் அதன் பிடியில் சிக்கினர். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அது நீக்கப்பட்டது.

திருடர்களுக்குத் தனிப்பேச்சு இல்லையா என்று வாசகர் கேட்கலாம். உண்டு. தரகருக்கும் பொற்கொல்லருக்கும் இருக்கும்போது அவர்களுக்கு மட்டும் இல்லாமல் போகுமா? ஆனால் தனிப்பேச்சு இருப்பதாலேயே ஒருவர் திருடர் ஆகிவிடமாட்டார். இந்த எளிய வேறுபாட்டைத்தான் அந்த நூல்கள் அழித்தன. மேலும், கேட்டவர் காவலர் என்பதால் காவலருக்கு வேண்டிய சொற்களே முதலில் ஏட்டில் ஏறின.

சொற்களின் பிறப்பைப் பார்த்தாலும் திருடருக்கும் அரசுக்கும் இடையே அத்தனை உயரமான மதில் இல்லை. ‘மாமூல்’ வழக்கம் என்ற பொருள்கொண்ட அரபுச் சொல். அரசுக் காகிதங்களில் மதிப்போடு இருந்தது, பிறகு தெருவில் இறங்கி லஞ்சம் ஆயிற்று. ‘உஷார்’ பாரசீகத்தின் விழிப்பு. ‘கில்லாடி’ இந்துஸ்தானியில் வெறும் ஆட்டக்காரன். தென் மாவட்டங்களில் களவு போன மாட்டை மீட்டுத் தருவதற்கு வாங்கிய பணத்துக்குத் ‘துப்புக்கூலி’ என்று பெயர். களவுக்கு உடந்தையான வழக்கம் என்று காவல்துறை அதைக் கண்டித்தது. அதே ‘துப்பு’ இன்று காவல்துறையின் செய்திக் குறிப்பில் மதிப்போடு அமர்ந்திருக்கிறது!

ஆகவே நம் கருத்து இதுதான்: குழூஉக்குறிகளைக் காவலர்களுக்குப் பதிலாக இலக்கிய அன்பர்கள் தொகுக்க வேண்டும். கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்துக்கும், பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரத்துக்கும் அகராதி தந்தார்கள். தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1962இலேயே உழவுத் தொழிற்சொற்களை ஊர் ஊராகத் திரட்டி வெளியிட்டார். அந்த முறையில் நம் பட்டறைகளுக்கும் சந்தைகளுக்கும் போக வேண்டும். யார் சொன்னார் என்பதைவிட எதற்காகச் சொன்னார் என்பதைக் குறிக்க வேண்டும். இன்றும் பிழைப்புக்குப் பயன்படும் மறைசொல்லை, சொன்னவர் சம்மதம் இல்லாமல் அச்சில் ஏற்றக் கூடாது.

இயந்திர நகை வந்தபின் பட்டறைகள் குறைந்துவருகின்றன. ‘பறி’ என்பதற்குப் பதில் நம் ஊர்ப் பொற்கொல்லர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டறிய, இன்னும் சில முதியவர்கள் இருக்கிறார்கள்.