கதை எங்கே என்று கேட்கும் முன்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் எடுக்கும் படிப்புகளின் பட்டியல் நீண்டுகொண்டே வருகிறது. பொறியியல், மருத்துவம், வங்கித் தேர்வு என்றிருந்த காலம் போய், இன்று திரைப்படக் கலையைப் பாடமாக எடுக்கும் பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். புனே நகரில் வாழும் நமக்கு இது புதுமையாகத் தோன்ற வேண்டியதில்லை. பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் 1960-ல் திரைப்படக் கல்வி நிலையம் தொடங்கப்பட்ட ஊர் இது. 1964 முதல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் இங்கேதான் இருக்கிறது. இருந்தும், நம் வீட்டுப் பெண் அந்தப் படிப்பில் சேர்ந்தால் நமக்குத் தூக்கம் போய்விடுகிறது.

சங்க உறுப்பினர் ஒருவரின் மகள் இங்குள்ள தனியார் கல்லூரி ஒன்றில் திரைப்படப் பிரிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வகுப்பில் செய்த மூன்று சோதனைப் படங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டியிருக்கிறாள். பார்த்து முடித்த தந்தை, "இதற்கா லட்சக்கணக்கில் கடன் வாங்கினேன்? கதை எங்கே?" என்று கேட்டுவிட்டு, அடுத்த ஆண்டுக் கட்டணம் கட்டப் போவதில்லை, பி.காம். சேர்ந்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். என்னிடம் வந்து, "சார், நீங்கள் ரயில்வேயில் எத்தனையோ பயிற்சிப் பிள்ளைகளைப் பார்த்தவர். அவளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்" என்றார். பெண்ணிடம் இரண்டு மணி நேரம் பேசினேன். இப்போது எடுத்துச் சொல்ல வேண்டியது தந்தைக்குத்தான் என்று நினைக்கிறேன். அவர்கள் இருவரின் சம்மதத்துடன், பெயர் குறிப்பிடாமல் இதை எழுதுகிறேன்.

முதல் படம், மூன்று நிமிடம் காமிராவை அசைக்காமல் எடுத்தது. அவர்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வருவதற்கு முன் வரிசையாகக் காத்திருக்கும் வாளிகள். இரண்டாவது படத்தில் காட்சி ஓரிடம், ஒலி வேறிடம். காட்சி, இங்கே பால்கனியில் காயும் துணிகள். ஒலி, தென்காசியில் பாட்டி வீட்டு வாசலில் பதிவு செய்தது. மூன்றாவதற்குக் காமிராவே இல்லை. பழைய பிலிம் துண்டில் ஊசியால் கீறிக் கீறிச் செய்தது. ஒரு விநாடிக்கு 24 கட்டங்கள். பத்து விநாடி ஓட 240 கட்டங்கள் கீற வேண்டும். அவள் விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

படத்தைவிட என்னைக் கவர்ந்தது அவள் வைத்திருந்த நோட்டுப் புத்தகம். முதல் படத்தைப் பற்றி இப்படி எழுதியிருந்தாள்: "நாற்பதாவது விநாடியில் வகுப்பில் எல்லோரும் நெளிந்தார்கள். ஒரு பூனை குறுக்கே போனதும் மறுபடி பார்த்தார்கள். சட்டத்துக்குள் ஏதாவது மாறும் என்ற எதிர்பார்ப்பு இருந்தால்தான் கண் காத்திருக்கும்." இரண்டாவதைப் பற்றி: "தமிழ் தெரியாத தோழிகள், துணிக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்தார்கள். குரல் கேட்டால் கண் ஆளைத் தேடுகிறது." அந்தக் குரல் அவளுடைய தந்தையைப் பெற்ற தாயாரின் குரல், காய்கறிக்காரரைக் கூப்பிடுகிறது. அதைக் கேட்ட பிறகும் அவர் கதை எங்கே என்றுதான் கேட்டார். மூன்றாவதைப் பற்றி ஒரே வரி: "தோல்வி. கோடு ஆடுகிறது, காரணம் இன்னும் தெரியவில்லை."

நான் டிப்ளமோ படித்தவன். பாலிடெக்னிக் முதலாண்டில் பட்டறையில் ஒரு இரும்புத் துண்டைக் கையில் கொடுத்து, அரத்தால் ராவி நான்கு பக்கமும் மூலைமட்டத்துக்குச் சரியாக வரவேண்டும் என்பார்கள். வாரக்கணக்கில் ராவுவோம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மட்டத்துக்கும் இரும்புக்கும் இடையே கீற்று தெரியும். மறுபடி ராவு என்பார் பயிற்றுநர். கடைசியில் அந்தத் துண்டு எந்த இயந்திரத்திலும் போய்ச் சேராது. எங்கள் பெற்றோர் யாரும் வந்து, "இந்தத் துண்டால் என்ன பயன்?" என்று கேட்டதில்லை. பயன் துண்டில் இல்லை, கையில் ஏறுகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பெண் கீறிய 240 கட்டங்களும் அப்படித்தான்.

சினிமா பிறந்ததே கதையோடு அல்ல. 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஹோட்டலில் லூமியர் சகோதரர்களின் படங்கள் காட்டப்பட்டபோது, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. ரயில் நிலையத்துக்கு வண்டி வருவது அவற்றில் ஒன்று. நம் ஊர்க் கதையும் உண்டு. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகச் சென்று கூடாரம் போட்டுக் காட்டினார். அவருடைய வீட்டாரும் நிச்சயமான சம்பளத்தை நினைத்துக் கவலைப்பட்டிருக்கத்தான் செய்வார்கள்.

சோதனை செய்தவர்கள் வேலையற்றவர்களும் அல்லர். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்யாவில் குலஷோவ் என்ற ஆசிரியர், ஒரு நடிகரின் ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார். அதே முகம் ஒன்றில் பசியாகவும் மற்றொன்றில் துக்கமாகவும் தெரிந்ததாம். இன்று நாம் பார்க்கும் ஒவ்வொரு படத்தின் படத்தொகுப்பிலும் அந்தப் பாடம் இருக்கிறது. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் நார்மன் மெக்லாரன், கறுப்புப் பிலிமில் நேரடியாகக் கீறி 1955-ல் ஒரு படமே செய்தார். நம் நாட்டில் அரசின் பிலிம்ஸ் டிவிஷனிலேயே பிரமோத் பதி 1968-ல் 'எக்ஸ்புளோரர்' என்ற சோதனைப் படத்தை எடுத்தார். புனே நிலையத்தில் படித்த பாயல் கபாடியா என்ற பெண்ணின் படம் 2024-ல் கான் விழாவில் கிராண்ட் பிரி விருது பெற்றது. படிப்புக் காலத்தில் குறும்படங்கள் செய்து பழகியவர்தான் அவரும்.

இதனால் மாணவர்கள் செய்வதெல்லாம் சரி என்று நான் வாதாடவில்லை. யாருக்கும் புரியாமல் எடுத்துவிட்டு, "இது சோதனை முயற்சி" என்று சொல்லித் தப்பிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ரயில்வேயில் ஒரு புதிய பொருளைச் சோதனைக்குப் போட்டால், எதைச் சோதிக்கிறோம், எத்தனை நாள், என்ன விளைவு என்று பதிவு இருக்கும். பதிவில்லாத சோதனைக்கு மதிப்பில்லை. தோற்றுப்போன சோதனையின் பதிவுக்கு மிகுந்த மதிப்பு உண்டு, அடுத்தவர் அதே தவறைச் செய்யாமல் காக்கும். 'தோல்வி' என்று எழுதிவைத்த இந்தப் பெண்ணிடம் எனக்கு நம்பிக்கை ஏற்பட்டதற்குக் காரணம் இதுதான்.

பணக்கவலையும் நியாயமானதே. கடன் வாங்கியவர் பிழைப்பைப் பற்றிக் கேட்காமல் யார் கேட்பது? ஆனால் அந்தக் கேள்வி வேறு, இந்தக் கேள்வி வேறு. படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு என்று எந்தத் துறையில் போகப் போகிறாய், படிக்கும்போதே எங்கே பயிற்சிக்குச் சேரலாம் என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். மூன்று வகுப்புப் பயிற்சிகளைப் பார்த்துவிட்டு ஒரு பெண்ணின் எதிர்காலத்துக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். அரைகுறையாக ராவிய துண்டைப் பார்த்து, இவன் இன்ஜினியர் ஆகமாட்டான் என்று சொல்வதைப் போன்றது அது.

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள்: "கதை எங்கே?" என்பதற்குப் பதில் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதைச் சோதித்தாய்? என்ன தெரிந்தது? அடுத்து என்ன செய்வாய்? பதில் சொல்லும் பிள்ளை படிக்கிறது என்று பொருள். பதில் இல்லை என்றால் அப்போது கண்டிப்போம்.

சங்கச் செயற்குழுவுக்கும் ஒரு யோசனை. பொங்கல் விழாவில் மெல்லிசைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குகிறோம். அதில் ஒரு மணி நேரத்தை இத்துறையில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். படங்களைக் காட்டட்டும், கேள்விகளுக்கு மேடையில் நின்று பதில் சொல்லட்டும். ஜூன் மாதம் கட்டணம் கட்டவேண்டிய அந்தத் தந்தையை முன்வரிசையில் உட்காரவைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.