ஒரு தடி ஸ்வெட்டரா, மூன்று மெல்லிசா?

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு டெலிபோனுக்கு ஓய்வே கிடையாது. "பொங்கல் லீவுக்கு ஊட்டிக்கு வரோம், குழந்தைக்கு எந்த மாதிரி ஸ்வெட்டர் வாங்கறது?" என்று உறவுக்காரர்கள், சிநேகிதிகள், சிநேகிதிகளின் நாத்தனார்கள்கூடக் கேட்பார்கள். கும்பகோணத்தில் பிறந்து, கல்யாணமாகி இந்த மலைக்கு வந்து 22 வருஷம் ஆகிறது. அந்த உரிமையில் எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். தடியாக ஒன்று வாங்காதீர்கள், மெல்லிசாக மூன்று எடுத்து வாருங்கள்.

"மெல்லிசு எப்படிக் குளிர் தாங்கும்?" என்பீர்கள். கம்பளி தானாகச் சூடு உண்டாக்குவதில்லை, சகோதரிகளே! சூடு நம் உடம்பிலிருந்துதான் வருகிறது. அதை வெளியே ஓடவிடாமல் நிறுத்துவது, துணிக்குள்ளும் துணிக்கும் துணிக்கும் நடுவிலும் அசையாமல் நிற்கிற காற்று. வெயிலில் போட்டுத் தட்டி எடுத்த இலவம்பஞ்சு மெத்தை கதகதப்பாக இருக்கிறதே, பஞ்சுக்குள் காற்று நிறைந்து உப்பியிருப்பதால்தான். அதே மெத்தை அமுங்கிப் போனால் கட்டாந்தரைதான். அதனால் ஒன்றின்மேல் ஒன்று போடும்போது மேலே வருவது கொஞ்சம் தொளதொளவென்று இருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் காற்றுக்கு இடமில்லை. சாக்ஸும் அப்படியே. பழைய ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்துக்கொண்டு, "கால் விறைக்கிறது" என்பவர்களை நிறையப் பார்த்தாச்சு. ஒரு ஜோடியைக் கழற்றினாலே கால் சூடாகிவிடும்.

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கிற இரவுகளில் தலைகுந்தா, காந்தல் பக்கமெல்லாம் புல்மேல் உப்புத் தூவின மாதிரி உறைபனி படிந்துவிடும். விடியற்காலை 0 டிகிரியை ஒட்டி இருப்பது, மத்தியானம் 20 டிகிரிக்குப் போய்விடும். வெயில் சுள்ளென்று உறைக்கும். நாலு மணிக்கு மறுபடியும் சில்லிட ஆரம்பிக்கும். ஒரே ஒரு தடிக் கோட்டை நம்பி வந்தவர்கள் போட்டுக்கொண்டால் வேர்வை, கழற்றினால் நடுக்கம் என்று திண்டாடுவார்கள். மூன்றாகப் போட்டுக்கொண்டவர்களுக்கு அந்தப் பாடு இல்லை. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் போடலாம்.

வேர்க்கும் முன்னாலேயே கழற்ற வேண்டும் என்பதுதான் முக்கியம். ஈரம் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திவிடும். பள்ளிக்கூட மைதானத்தில் ஸ்வெட்டரோடு ஓடி விளையாடிவிட்டு, உள்ளே நனைந்த பனியனோடு சாயங்காலம் நடுங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு மேலே இன்னொரு ஸ்வெட்டர் போட்டுப் புண்ணியமில்லை. முதலில் அந்தப் பனியனை மாற்றுங்கள். பருத்தி வேர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே உடம்பில் ஒட்டிக் கிடக்கும். கம்பளி கொஞ்சம் ஈரம் ஏறினாலும் சூட்டைச் சட்டென்று விட்டுவிடாது. அதனால் உள்ளே மெல்லிய தெர்மல் பனியன் அல்லது உலர்ந்த பருத்தி பனியன், நடுவில் கம்பளி, காற்றடித்தால் வெளியே ஒரு விண்ட்சீட்டர். காற்று புகுந்து அடித்தால் நடுவில் எத்தனை கம்பளி போட்டும் வீண்.

புடவை கட்டும் நமக்கு இடுப்புதான் சங்கடம். மேலே ஸ்வெட்டர், காலில் சாக்ஸ், நடுவில் ஜில்லென்று காற்று! நான் உள்ளே ஒரு நீளமான பனியனைப் போட்டுப் பாவாடைக்குள் செருகி, பாவாடைக்கு அடியில் கம்பளி லெகிங்ஸ் போட்டுக்கொள்வேன். மேலே முழுக்கை உல்லன் பிளவுஸ். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. மெட்டி போட்டிருப்பவர்கள் கம்பளி சாக்ஸுக்குள் மெல்லிய பருத்தி சாக்ஸ் ஒன்று போட்டால் நூல் இழுக்காது. அடுப்படியில் மட்டும் ஷாலைத் தொங்கவிடாதீர்கள். நைலான், அக்ரிலிக் சமாசாரமெல்லாம் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சமைக்கும்போது ஷாலுக்குப் பதில், உடம்போடு ஒட்டின கம்பளி ஸ்வெட்டரே மேல்.

இனி கைக்குழந்தை விஷயம். போன ஜனவரியில் அக்கா பெண் ஐந்து மாசக் குழந்தையோடு வந்தாள். பனியன், இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய், அதற்குமேல் தடிப் போர்வை. குழந்தை வீல்வீலென்று கத்துகிறது.

"குளிரு தாங்கலை போலிருக்கு சித்தி. கையெல்லாம் ஐஸா இருக்கு" என்று இன்னொரு ஷாலை எடுக்கப் போனாள்.

"இரு கண்ணு" என்று பிடரியில் விரலை வைத்துப் பார்த்தேன். நசநசவென்று வேர்வை! போர்வையையும் ஒரு ஸ்வெட்டரையும் எடுத்து, குல்லாயைக் கழற்றி, உள் பனியனை மாற்றினோம். கால் மணியில் பால் குடித்துவிட்டுத் தூங்கிப் போச்சு.

குழந்தையின் கையும் காலும் சில்லென்று இருப்பது சகஜம். பிடரியையோ மார்பையோ தொட்டுப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். நமக்கு எத்தனை துணி வேண்டியிருக்கிறதோ, அதைவிட ஒன்று கூட இருந்தால் போதும். குல்லாய் வெளியில் போகும்போதுதான். தூங்கும்போது எடுத்துவிடுங்கள், அதிகச் சூட்டைக் குழந்தை தலை வழியாகத்தான் நிறைய வெளியேற்றுகிறது. ஒரு வயசுக்குள் தளர்ந்த கம்பளியைப் போர்த்தித் தூங்கவிடுவதும் ஆபத்து, முகத்தை மூடிக்கொள்ளும். கை நுழைத்துப் போடுகிற தூக்கப் பை நல்லது.

மார்பே சில்லென்று இருந்தால் விஷயம் வேறு. துணியை விலக்கிக் குழந்தையை உங்கள் வெற்று மார்போடு சேர்த்து அணைத்து, இரண்டு பேருக்கும் மேலே கம்பளி போர்த்துங்கள். அது சோர்ந்து கிடந்தாலோ பால் குடிக்காவிட்டாலோ, அப்படியே அணைத்தபடி டாக்டரிடம் ஓடுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

கரிக் கணப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரவில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரிச்சட்டி வைத்துப் படுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். வாசனை கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவர்கள் எழுந்திருக்காமலே போய்விடுவார்கள். இங்கே தங்கும் இடத்தில் யாராவது அன்பாகக் கொண்டுவந்து கொடுத்தால்கூட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் படுக்கையில் வைத்து, குழந்தையைப் படுக்கவைக்கும் முன் எடுத்துவிட்டால் போதும்.

பெட்டி கட்டும்போது ஸ்வெட்டரைக் குறைத்துக்கொண்டு உள் பனியனை ஆளுக்கு இரண்டு அதிகமாக வையுங்கள். மேகம் மூடிவிட்டால் இங்கே துவைத்தது இரண்டு நாளானாலும் காயாது. பாதி காய்ந்ததை மாட்டிவிடுவதற்கு, மாட்டாமல் இருப்பதே மேல்.