பயிற்சியாளருக்குக் கடிதம் எப்போது?

விளையாட்டில் வல்ல ஒரு மாணவி, தான் சேர விரும்பும் கல்லூரியின் பயிற்சியாளருக்கு எந்த வயதில் கடிதம் எழுதலாம்? நம் நாட்டில் இக்கேள்வி அதிகம் எழுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து, மதிப்பெண் பட்டியலும் விளையாட்டுச் சான்றிதழ்களும் கைக்கு வந்த பின்னரே நம்மவர் பெரும்பாலும் கல்லூரி வாயிலை நாடுகின்றனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, ஆட்டக்களத்தில் பெயரெடுத்த பிள்ளை உள்ள வீடுகளில் இக்கேள்வி பல ஆண்டுகளுக்கு முன்பே எழுந்துவிடுகிறது. அங்கே கல்லூரிப் படிப்புக்கு ஆகும் செலவு மிகப் பெரிது. ஓட்டத்திலோ நீச்சலிலோ கூடைப்பந்திலோ சிறந்தவளுக்குக் கல்லூரியே அச்செலவில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ ஏற்பதுண்டு. யாருக்கு ஏற்பது என்பதில் பயிற்சியாளரின் சொல்லுக்குத்தான் மதிப்பு அதிகம்.

"கடல் கடந்த கதை நம் ஆண்டு மலருக்கு எதற்கு?" என்று தோழியர் சிலர் கேட்டனர். அந்நாட்டு விதி கோடு கிழித்திருக்கும் இடம் பத்தாம் வகுப்பு என்று சொன்னதும் அவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தனர். நாங்களும் பத்தாம் வகுப்பு. எங்களுக்கு வயது பதினைந்து. பதினைந்து வயதுப் பெண் எதை முடிவு செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று பெரியவர்கள் நிறையச் சொல்லிவிட்டனர். நாங்களும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கிறோம்.

எம் கருத்து இதுதான். கடிதத்தை முன்னதாக எழுதலாம். ஒன்பதாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் எழுதினாலும் தவறில்லை. ஆனால் "உங்கள் கல்லூரியிலேயே சேருகிறேன்" என்னும் வாக்கைப் பிந்தித்தான் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் இவ்விரண்டும் நெடுங்காலம் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன. அதனால் வந்த தொல்லையைச் சொல்ல வேண்டுமானால் ஐம்பது ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும்.

பிலடெல்பியா நகருக்கு அருகில் இம்மாக்குலாத்தா என்றொரு கல்லூரி. கன்னியர் நடத்திய சிறிய மகளிர் கல்லூரி. 1972, 1973, 1974 ஆகிய மூன்று ஆண்டுகளும் அமெரிக்க மகளிர் கல்லூரிக் கூடைப்பந்துப் பட்டத்தை வென்றது அக்கல்லூரிதான்! முதல் ஆண்டில் இறுதிப் போட்டிகள் நடந்த இல்லினாய் மாநிலத்துக்கு எட்டு ஆட்டக்காரிகளை மட்டுமே அனுப்ப அவர்களிடம் பணம் இருந்தது. பின்னர் ஆட்டம் பார்க்க வந்த கன்னியர் வாளிகளைத் தட்டி ஆரவாரம் செய்தார்களாம். (நம் பள்ளி விளையாட்டு விழாவில் இதைச் செய்து காட்ட எந்தச் சகோதரி முன்வருவார் என்று எங்கள் வகுப்பில் ஒரு பட்டியலே தயாரித்துவிட்டோம், பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை.) பயிற்சியாளர் கேத்தி ரஷ் நாடெங்கும் அலைந்து பெண்களைத் தேடவில்லை. சுற்று வட்டாரக் கத்தோலிக்கப் பள்ளிகளில் ஆடிப் பழகிய பெண்களே அவருடைய அணியின் பலம். விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுப்பதை அன்றைய மகளிர் விளையாட்டுச் சங்கம் 1973 வரை தடை செய்திருந்தது. ஆகவே யாரும் யாரையும் விலை பேச வேண்டியிருக்கவில்லை.

நிலைமை விரைவில் மாறிற்று. அரசின் நிதி பெறும் கல்வி நிலையங்களில் பெண் என்பதற்காக எவரையும் விலக்கலாகாது என்ற சட்டம் 1972-இல் பிறந்தது. 'ஒன்பதாம் தலைப்பு' என்று அதைக் குறிப்பிடுகின்றனர். ஆண்களுக்கு நிகராகப் பெண்களுக்கும் விளையாட்டு வாய்ப்பும் உதவித்தொகையும் தர வேண்டிய கடமை கல்லூரிகளுக்கு ஏற்பட்டது. மிக நல்ல சட்டம். அதனால் பயன்பெற்ற பெண்கள் எண்ணிலர். ஆயினும் பணம் நுழைந்த இடத்தில் போட்டியும் நுழைந்தது. பெரிய பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்கள் நல்ல ஆட்டக்காரியைப் பன்னிரண்டாம் வகுப்பில் தேடினர். பின்னர் பதினொன்றில் தேடினர். ஒருவர் பத்தாம் வகுப்பில் தேடினால் மற்றொருவர் ஒன்பதுக்கு இறங்கினார். கால்பந்து, லக்ராஸ் போன்ற ஆட்டங்களில் எட்டாம் வகுப்புச் சிறுமியர்கூடத் தாம் சேரப்போகும் கல்லூரியை அறிவிக்கும் நிலை வந்தது. 2014-இல் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் இதை விரிவாக எழுதியபோது நாடே பேசிற்று. உயர்நிலைப் பள்ளியில் இன்னும் காலடி வைக்காதவள் கல்லூரியைத் தேர்ந்துவிட்டாள் என்றால் வேடிக்கையாக இல்லையா?

விதி ஒன்றும் இல்லாமல் இல்லை. பயிற்சியாளர் சிறுமியைத் தாமே தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்று அப்போதும் இருந்தது. அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தனர். சிறுமியின் மன்றப் பயிற்சியாளரிடம், "நாளை மாலை இத்தனை மணிக்கு அவளை எனக்குப் பேசச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். அவள் அழைத்தால் எடுத்துப் பேசலாம்; அதற்குத் தடையில்லை. இப்படிப் பேசிப் பெற்ற வாக்குக்கு எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. அது இரு தரப்பையும் கட்டாது. பதின்மூன்று வயதுப் பெண் அதை நம்பி மற்றக் கல்லூரிகளின் கதவைச் சாத்திவிடுவாள். பயிற்சியாளரோ வேறு கல்லூரிக்கு மாறிப் போகலாம். பெண்ணின் உடல் வளர்ச்சி மாறலாம், வேகம் குறையலாம். முழங்கால் தசைநார் அறுந்துபோகும் விபத்து கால்பந்திலும் கூடைப்பந்திலும் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் நேர்கிறது. அப்போது அந்த வாக்கு என்ன ஆகும்? அதைக் கேட்க அவளிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

இந்த ஓட்டத்தை நிறுத்தும்படி முதலில் குரல் எழுப்பியவர்களில் பயிற்சியாளர்களே இருந்தனர் என்பது எங்களுக்கு வியப்பளித்தது. லக்ராஸ் பயிற்சியாளர்கள் தாங்களே கேட்டுக்கொண்டதன் பேரில், பதினொன்றாம் வகுப்பின் செப்டம்பர் முதல் நாளுக்கு முன் மாணவியோடு சேர்க்கை பற்றிப் பேசலாகாது என்று 2017-இல் விதி வந்தது. மறு ஆண்டு சாஃப்ட்பால் ஆட்டத்துக்கும் அவ்வாறே ஆயிற்று. 2019-இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமாகிய என்.சி.ஏ.ஏ., தன் முதற் பிரிவிலுள்ள மற்றும் பல ஆட்டங்களுக்கு ஒரு தேதி குறித்தது. பத்தாம் வகுப்பு முடிந்த பின் வரும் ஜூன் 15 அத்தேதி. அன்றுதான் பயிற்சியாளர் மாணவிக்கு எழுதவும் பேசவும் தொடங்கலாம். அதற்கு முன் அவளே அழைத்தாலும் எடுத்துப் பேசக் கூடாது. கல்லூரி அழைப்பின் பேரில் அவள் நேரில் சென்று பார்ப்பது ஆகஸ்டு முதல் நாளுக்குப் பிறகு. சில ஆட்டங்களுக்கு மட்டும் தனித் தேதிகள் உண்டு.

இவ்விதியைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். விதி பூட்டியது பயிற்சியாளரின் வாயைத்தான். மாணவியின் பேனாவை அது தொடவில்லை. அவள் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். ஜூன் 15-க்கு முன் எழுதினால், பயிற்சி முகாம் பற்றிய அறிவிப்பு, நிரப்பி அனுப்ப வேண்டிய வினாப் படிவம் போன்றவை மட்டுமே பதிலாக வரலாம். சில வேளை ஒன்றுமே வராது. கடிதத்தைப் பயிற்சியாளர் படிக்கக் கூடாது என்று எந்த விதியும் கூறவில்லை. பெயரைக் குறித்துக்கொள்வார், ஆட்டம் பார்க்க வருவார். பதில் இல்லை என்று மனம் சோர்ந்து, "என்னை ஒருவரும் விரும்பவில்லை" என்று அழும் பெண்ணுக்கு யாராவது இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே ஒன்பதின் முடிவிலோ பத்தின் தொடக்கத்திலோ எழுதுவது நல்லது என்கிறோம். இதற்கு வேறொரு காரணமும் உண்டு. பெற்றோருக்கு இது பிடிக்கும். முதற் பிரிவில் ஆட வேண்டுமானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள நான்கு ஆண்டுகளில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் முதலியவற்றில் 16 பாடங்களைக் குறிப்பிட்ட தரத்தில் முடித்திருத்தல் வேண்டும். அவற்றுள் 10 பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன்பே முடிந்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் கணிதத்தைக் கைவிட்டவள் பதினொன்றில் விழித்துக்கொண்டால் பயனில்லை. முன்னதாகவே கடிதம் எழுத உட்காரும் பெண், தன் மதிப்பெண்ணையும் அதில் எழுத வேண்டி வரும்போது, புத்தகத்தை எடுத்தே தீருவாள். எங்கள் வகுப்பில் கைப்பந்து ஆடிய தோழியர் பொதுத்தேர்வு ஆண்டு என்று காலணிகளைப் பரண்மேல் ஏற்றிவிட்டனர். அங்கே ஆட்டமும் பாடமும் ஒரே கடிதத்தில் பக்கத்துப் பக்கத்து வரிகளாக நிற்பதைப் பார்க்க எங்களுக்குச் சற்றுப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

கடிதத்தில் என்ன எழுதுவது? தன் பெயர், வகுப்பு, ஆடும் இடம், உயரம் அல்லது ஓடிய நேரம், பாடங்களில் பெற்ற தரம், வரும் மாதங்களில் எங்கெங்கே ஆடப்போகிறாள் என்பது, ஆட்டத்தின் சிறு ஒளிப்படப் பதிவு. அந்தக் கல்லூரியை ஏன் விரும்புகிறாள் என்று இரண்டு வரி. ஐம்பது கல்லூரிகளுக்கு ஒரே கடிதத்தை அனுப்பி, நாற்பத்தொன்பதில் பயிற்சியாளரின் பெயரைத் தவறாக எழுதுவதைவிடப் பத்துக்கு ஒழுங்காக எழுதுவது மேல். முக்கியமாக, கடிதத்தை மாணவியே எழுத வேண்டும். அப்பா எழுதும் கடிதத்தில் பெண்ணைப் பற்றி எல்லாம் இருக்கும், பெண் இருக்கமாட்டாள். அம்மா எழுத்துப் பிழை பார்க்கலாம். வங்கியும் உதவித்தொகையும் பற்றிப் பெற்றோர் பின்னர் பேசலாம். நான்கு ஆண்டுகள் அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து களத்துக்குப் போகப் போகிறவள் மகள்தானே!

"காத்திருந்தால் இடம் போய்விடுமே" என்பர் சிலர். இந்த அச்சம் வெறும் கற்பனை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு ஆட்டக்காரர் மாறுவது அண்மை ஆண்டுகளில் மிக எளிதாகிவிட்டது. ஆதலால் பள்ளியிலிருந்து வரும் பதினெட்டு வயதுப் பெண், இருபத்தொரு வயதுக்காரியோடு ஒரே இடத்துக்குப் போட்டியிட வேண்டியிருக்கிறது. 2025-இல் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டுக்குப் பின், அதில் சேர்ந்த கல்லூரிகளில் அணிக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும் வந்துள்ளது. உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர் நூற்றுவரில் ஏழு பேர் அளவிலேயே கல்லூரி அணிகளுக்குச் செல்கின்றனர். முதற் பிரிவுக்கு இரண்டு பேர் அளவில். இடம் குறைவுதான். ஆனால் இவையெல்லாம் கடிதத்தை முன்னதாக எழுதுவதற்குக் காரணங்களே தவிர, வாக்கை முன்னதாகக் கொடுப்பதற்குக் காரணங்கள் ஆகமாட்டா. எழுத்து மூலமான உடன்படிக்கையில் கையெழுத்திடுவது பெரும்பாலான ஆட்டங்களில் பன்னிரண்டாம் வகுப்பின் நவம்பர் மாதத்தில்தான் தொடங்குகிறது. அதுவரை கல்லூரிக்கே கட்டுப்பாடு இல்லாதபோது, பெண் மட்டும் தன்னை ஏன் கட்டிக்கொள்ள வேண்டும்? வகுப்புகள் நடக்கும் நாளில் அந்தக் கல்லூரியைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஆட்டமே இல்லாமற் போனாலும் அங்கே படிக்க மனம் வருமா என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். பதினைந்து வயதில் எங்களில் எத்தனை பேருக்கு அதற்கு உண்மையான விடை தெரியும்? எங்கள் வகுப்பில் சென்ற மாதம் மருத்துவர் ஆவேன் என்றவள் இந்த மாதம் கப்பலோட்டப் போகிறாள்.

தொலைவிலிருந்து செல்கிறவர்களுக்குக் கடிதம் இன்னும் தேவை. பயிற்சியாளர் நம் ஊர்த் திடலுக்கு வந்து பார்ப்பது எளிதன்று. சென்னையில் டென்னிஸ் பயின்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் படித்து, 2007-லும் 2008-லும் அமெரிக்கக் கல்லூரிகளின் ஒற்றையர் பட்டத்தை வென்றார். தில்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர், கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சார்பில் 2018-லும் 2022-லும் உயரம் தாண்டுதலில் முதலிடம் பெற்றார். இருவரும் ஆண்கள் என்பதைத் தோழியர் கவனித்திருப்பார்கள், நாங்களும் கவனித்தோம்.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். ஜூன் 15 என்ற தேதிக்காக நகம் கடிப்பவர்கள் பெரும்பாலும் முதற் பிரிவை மட்டுமே நினைக்கின்றனர். என்.சி.ஏ.ஏ.யின் மூன்றாம் பிரிவில் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. அங்கே விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது. படிப்பிற்காகவும் குடும்ப வருமானத்தைப் பார்த்தும் தரும் உதவி உண்டு. பணம் கைமாறாததாலோ என்னவோ, தேதிக் கட்டுப்பாடும் மிகக் குறைவு. ஒன்பதாம் வகுப்பு மாணவி எழுதினாலும் பயிற்சியாளர் மறுநாளே பதில் எழுதலாம். கன்னியர் வாளி தட்டிய அந்த இம்மாக்குலாத்தா, இன்று பல்கலைக்கழகமாகி, இந்த மூன்றாம் பிரிவில்தான் ஆடிக்கொண்டிருக்கிறது.