சாம்பலும் மக்கள் சொத்தே!

நேற்றுவரை குப்பையென்று கொட்டிய நிலக்கரிச் சாம்பலை இன்று பொக்கிஷம் என்கிறார்கள். அப்படியானால் அந்தப் பொக்கிஷம் யாருக்குச் சொந்தம்? ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் இக்கேள்வியை இப்போதே எழுப்ப வேண்டும்.

விஷயம் இதுதான். நம் நாட்டு நிலக்கரி 100 கிலோ எரிந்தால் 30 முதல் 45 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். கரி எரிந்துபோகிறது, அதிலிருந்த உலோகங்களில் பெரும்பகுதி சாம்பலில் தங்கிச் செறிவடைகிறது. அலுமினியம், காலியம், ஜெர்மேனியம், அருமண் உலோகங்கள் எல்லாம் அதில் உண்டு. டிரான்சிஸ்டர் வந்த 1950களிலேயே பிரிட்டனில் புகைபோக்கித் தூசியிலிருந்து ஜெர்மேனியம் எடுத்தார்கள்.

2023 ஆகஸ்டில் காலியம், ஜெர்மேனியம் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தது. 2025 ஏப்ரலில் அருமண் உலோகங்கள் சிலவற்றுக்கும் விதித்தது. உடனே சாம்பல் மேடுகள் மீது பலருடைய கண்ணும் விழுந்தது. 2025 ஜனவரியில் மத்திய சர்க்கார் அங்கீகரித்த முக்கியக் கனிமங்களுக்கான தேசிய இயக்கத்திலும் சாம்பலிலிருந்து உலோகம் எடுக்கும் சோதனைத் திட்டங்களுக்கு இடமுண்டு.

செஞ்சிப் பக்கத்து மேல்சித்தாமூரில் நாற்று நடும் பெண்ணுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அவர் நடும் கழனிக்கு நீரிறைக்கும் மோட்டார் ஓடுவது மின்சாரத்தில். அவர் வீட்டுச் சுவரைப் பூசும் சிமெண்டிலும் இந்தச் சாம்பல் கலந்திருக்கிறது. 1993 வரை மேல்சித்தாமூரும் நெய்வேலியும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். அந்த நெய்வேலி நிறுவனத்தின் பங்குகளை விற்க 2006இல் மத்திய சர்க்கார் முனைந்தபோது, தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், சர்க்கார் பின்வாங்கியது. பொதுச் சொத்தைக் காத்த அனுபவம் நமக்குப் புதிதல்ல.

விஞ்ஞானத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் கணக்கையும் பார்க்கிறோம். ஒரு டன் சாம்பலில் அருமண் உலோகங்கள் சில நூறு கிராம்தான். அதைப் பிரிக்க அமிலம் வேண்டும். எடுத்தது போக மிஞ்சுவது ஏறக்குறைய முழு டன். அதுவும் அமிலம் தோய்ந்தது. அது எந்த ஊர் ஏரிக்கரையில் கொட்டப்படும்? வடசென்னை அனல் மின் நிலையத்தின் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் கூழ் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்து, மீனவர் பிழைப்பைக் கெடுத்தது. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அந்தப் பாடத்தை மறக்கலாகாது.

எனவே நாம் கோருவது இது: மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை பொது மின் நிலையங்களின் சாம்பலில் உள்ள உலோகங்கள் பொதுத்துறையிடமே இருக்க வேண்டும், தனியாருக்கு அடிமாட்டு விலைக்குக் குத்தகை விடக்கூடாது. சாம்பல் அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்கி, முகக் கவசமும் ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனையும் தர வேண்டும். கழிவை எங்கே, எப்படி வைப்பது என்று தீர்மானித்து, கிராம சபையில் சொன்ன பிறகே வேலை தொடங்க வேண்டும். கிடைக்கும் லாபத்தில் சுற்றுப்புறக் கிராமங்களுக்குப் பங்கு வேண்டும்.

சாம்பலைச் சுவாசித்தவனுக்கு இருமல், சலித்தெடுத்தவனுக்கு லாபம் என்ற ஏற்பாட்டை நாம் ஏற்கமாட்டோம். குத்தகைப் பத்திரம் எழுதப்படுமுன் ஆலை வாசலிலும் கிராம சபையிலும் இக்கோரிக்கைகள் ஒலிக்கட்டும்!